புத்தகத்தில் ஒரு விடை தப்பு

என் பாசத்துக்கும் சண்டைக்கும் உரிய அப்பா,

உங்கள் போன் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பழைய பட்டன் போன்தான். ஹாலில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில், பைபிளுக்கு அருகே, சார்ஜரைச் செருகியபடி கிடக்கிறது. காலையில் அம்மா அதைத் துடைத்து வைத்துவிட்டு, மணி சரியாக அடிக்கிறதா என்று தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறாள். திரையில் ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்று அவள் பெயர் வருகிறது. பள்ளிக்கூடத்தில் கடைசிவரை கணக்கு டீச்சராகவே இருந்து ஓய்வுபெற்றவளுக்கு நீங்கள் வீட்டில் கொடுத்த பதவி அது.

இது நமக்குள் எழுதும் கடிதம் மட்டும் இல்லை. மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், படிக்கவும் வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் மட்டும் நீங்கள் சொன்னதையே சொல்லவில்லையா என்ன?

உங்கள் நீரியல் புத்தகத்தின் முன்னுரையில் இந்த போன் நம்பரை அச்சிட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி: ‘இந்தப் பதிப்பில் பின்பக்கத்து விடைகளில் ஒன்று தப்பு. கண்டுபிடித்தவர் கூப்பிடவும்.’ ஒவ்வொரு பதிப்பிலும் வேண்டுமென்றே ஒரே ஒரு விடையைத் தப்பாகப் போடுவீர்கள். எது என்று அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டீர்கள். கண்டுபிடித்துக் கூப்பிடும் முதல் ஆளுக்கு நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு, அடுத்த பதிப்பின் முன்னுரையில் பெயர்.

இது என்ன விளையாட்டு என்று சக பேராசிரியர் ஒருவர் கடிந்துகொண்டபோது நீங்கள் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “பின்னாடி விடையைப் பாத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி கணக்கை வளைக்கிறான் சார். அவன் நாளைக்கு ஏரிக்கரை கட்டுவான். கரைக்குக் கீழ குடியிருக்கப்போறது நீங்களும் நானும்தான்.”

நீங்கள் போடும் தப்பு நாசூக்கான தப்பாக இருக்காது. கொஞ்சம் நின்று யோசித்தால் சிரிப்பு வரும். ஒரு பதிப்பில், பம்பு தான் இழுக்கும் மின்சாரத்தைவிட அதிகமாக வேலை செய்தது. இன்னொன்றில், வாய்க்காலில் வேகமாக வந்த தண்ணீர் சட்டென்று வேகம் குறைந்து மேலே எழும்ப வேண்டிய இடத்தில் பள்ளமாக இறங்கியது. “கணக்கு முடிஞ்சதும் கண்ணை மூடித் தண்ணியைப் பாருங்கப்பா. தண்ணி அப்படிப் போகுமா?” என்பதுதானே உங்கள் மொத்தப் பாடமும்.

உத்தியோகம் என்று நீங்கள் பார்த்தது இதை மட்டும்தான். ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து, அதே ஆய்வகத்தில் தலைமுடி நரைத்து, அங்கேயே துறைத்தலைவராகி வெளியே வந்தீர்கள். கண்ணாடிச் சுவர் வைத்த அந்த நீண்ட ஆய்வகத் தொட்டியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் உங்களுக்குச் சாப்பாட்டு நினைப்பு வராது. வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் நதிகளைப் பையன்கள் பார்த்ததில்லை, அதனால் பாடமும் புரியவில்லை என்று சொல்லித்தான் நீங்களே எழுத உட்கார்ந்தீர்கள். உங்கள் புத்தகத்தில் ஏரியின் கலங்கலில் உபரித் தண்ணீர் வழிந்தது, தெருக்குழாய் சொட்டியது, தண்ணி லாரி தெருமுனையில் நின்று ஒழுகியது. தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோடு நெடுகிலும் இருக்கும் கல்லூரிகளில் அதைத் தூக்கிக்கொண்டு திரியாத சிவில் மாணவன் குறைவு.

அதற்காக நானும் கஷ்டப்பட்டிருக்கிறேன். தண்ணீரைப் பார்க்காமல் ஒரு கணக்கையும் எழுத மாட்டேன் என்று குளியலறைக் குழாயின் அடியில் பக்கெட்டை வைத்து, என் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்துவிடுவீர்கள். ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். நான் பல்லில் பிரஷ்ஷோடு செகண்ட் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் அந்த யூனிட். அப்பா, அதைச் சொல்லாமல் உங்களை யாருக்கும் அறிமுகம் செய்ய முடியாது. அலகு போடாத விடைக்கு உங்கள் பேப்பரில் மார்க் கிடையாது. வீட்டிலும் அதே சட்டம்தான். “எவ்ளோ மார்க்கு?” “எழுபது.” “எழுபது என்ன? நூத்துக்கா, இருநூத்துக்கா?” அம்மா சமையல்கட்டிலிருந்து “ரெண்டு வாங்கிட்டு வாங்க” என்றால், நீங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நிற்பீர்கள். “ரெண்டு என்ன? கிலோவா, பாக்கெட்டா? சொன்னாத்தான் போவேன்.” அம்மா கரண்டியோடு வெளியே வருவாள். தெருவே சிரிக்கும்.

ஆறாம் பதிப்பு வந்த அதே வருடம் நீங்கள் போய்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பி, இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தான்களையெல்லாம் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அம்மா காபி கொண்டுவந்தபோது நீங்கள் இல்லை. வலியில்லாத சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். யாருக்கு வலியில்லை என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, வீடு வெறிச்சென்று ஆன சமயத்தில் உங்கள் போன் அடித்தது. அம்மா பதறிப்போய் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கப் பேசியது.

“சார், குட் ஈவினிங் சார். நான் பொத்தேரில ஹாஸ்டல்ல இருந்து பேசுறேன், கயல்விழி, தேர்ட் இயர் சிவில். அந்தத் தப்பு விடையைக் கண்டுபிடிச்சுட்டேன் சார்! நான்தானே ஃபர்ஸ்ட்?”

அம்மா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு டீச்சர் குரலில் சொன்னாள். “நீதாம்மா ஃபர்ஸ்ட். சார் தவறிட்டாங்க. ஆனா சாப்பாடு உண்டு. இந்த ஞாயித்துக்கிழமை வந்துடு.” அந்தப்பக்கம் அழுகை கேட்டது. அம்மா அழவில்லை. போனை வைத்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேடினாள்.

நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் நம் வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது. ரசம், தயிர்ப்பச்சடி, அப்பளம் என்று எதையும் அம்மா விடவில்லை. கயல் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். தொட்டியின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக எவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்ற கணக்கு. விடையில் தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தது. “இதேதான்” என்று அம்மா கையைத் தட்டினாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் இடித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அப்பாவுக்கு வயதாகிவிட்டது, குறும்பு குறைந்துவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் இன்னொரு போன் வந்தது. இந்த முறை நான் எடுத்தேன்.

“அக்கா, சார் வூடுதானே? நான் ஊரப்பாக்கத்துலருந்து பாஸ்கர் பேசுறேன்க்கா. சைட் இஞ்சினீயரு. கவர்மெண்டு பரிட்சைக்குப் படிச்சுகினு கீறேன். சார் புக்ல ஒரு ஆன்சரு ஒத்தே வரலக்கா. எத்தினி தபா போட்டாலும் வேற என்னமோ வர்து. பேஜாரா பூட்ச்சு. அந்தத் தப்பு இதுதானா?”

நான் பக்கத்தைக் கேட்டேன். கயல் காட்டிய பக்கம் இல்லை. வேறு அத்தியாயம், வேறு கணக்கு. குழாயின் ஆரத்தைப் போட வேண்டிய இடத்தில் விட்டம் நுழைந்திருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டே, “இந்தத் தடவை ரெண்டு போட்டிருப்பார். அந்தப் பையனையும் வரச்சொல்லு” என்றாள். பாஸ்கர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். சாப்பாட்டின் நடுவில், “சாரு வேணும்னே வெச்சதாம்மா இது? நான் சின்னப் புள்ளத்தனமா மாட்டிக்கினேன் பாரு” என்று சந்தோஷமாகச் சிரித்தார். “ஆமாம்பா, எல்லாரையும் அப்படித்தான் மாட்டிவிடுவார்” என்று அம்மா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

மூன்றாவதாகக் கூப்பிட்டது ஒரு விரிவுரையாளர். தெற்கே ஏதோ ஊர், உங்கள் புத்தகத்தை வைத்துத்தான் பாடம் எடுக்கிறாராம். நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ரொம்பத் தயங்கினார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வழக்கமா ஒண்ணுதான் இருக்கும். இந்த எடிஷன்ல நிறைய இருக்கு. பசங்க குழம்புறாங்க. நான் வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.”

அன்றைக்கு அம்மா சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் ஆறாம் பதிப்பை எடுத்துக்கொண்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். வங்கியில் வேலை செய்பவளுக்கு நீரியல் என்ன தெரியும்? கணக்குகள் எனக்குப் புரியவில்லை. பின்பக்கத்து விடைகளை மட்டும் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அங்கே ஓர் எண் மட்டும் இருந்தது. லிட்டரா, கன மீட்டரா, ஒரு செகண்டுக்கா, ஒரு மணிக்கா, ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. அதிலும் எண் மட்டும்.

தசமப்புள்ளி தவறலாம். ஆரம் விட்டமாக மாறலாம். ஆனால் நீங்கள், அப்பா, நீங்கள் யூனிட் இல்லாமல் ஒரு விடையை எழுதியிருக்க முடியாது. எழுதியிருக்கிறீர்கள் என்றால் எழுதியது முழுக்க நீங்கள் இல்லை. அன்றைக்கு அழுத மாதிரி உங்களை அடக்கம் செய்த அன்றுகூட நான் அழவில்லை.

அப்போதுதான் தாம்பரம் ஸ்டேஷனில் நடந்தது ஞாபகம் வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், பேங்க்கில் இருந்தபோது நீங்கள் கூப்பிட்டீர்கள். “பிரிசி, நான் ட்ரெயின் இறங்கிட்டேன். வெளியே வந்தா நம்ம பக்கம் மாதிரி தெரியலையே.” மேம்பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக, நம் வீடு இருக்கும் மேற்குப் பக்கத்துக்குப் பதிலாகக் கிழக்குத் தாம்பரத்தில் இறங்கியிருந்தீர்கள். “இத்தனை வருஷமா இருக்கீங்க, கிழக்கும் மேற்கும் தெரியலையா புரொஃபசர்?” என்று கேலி செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள். தாம்பரம் ஸ்டேஷனில் பாதை தப்பாதவர் யார்? புதிதாக வரும் ஆள் தினம் தப்பும் இடத்தில் நீங்களும் தப்பினீர்கள், அதனால் அது எங்கள் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

சாயங்காலம் அம்மா வந்து, துணி எடுக்க மாடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அந்தப்பக்கம் திருநீர்மலை குன்று மங்கலாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் அதைச் சுற்றித் தண்ணீர் நின்றதால்தான் அந்தப் பெயர் என்று சொல்லி, அந்தத் தண்ணீரின் ஆழத்தை எப்படிக் கணக்கிடலாம் என்று நீங்கள் என்னை அறுத்தெடுத்த அதே இடத்தில்தான் நின்றோம்.

“அம்மா, அப்பா இந்தத் தடவை போட்டது ஒரு தப்பு இல்ல.”

“மோட்டரை நிறுத்திட்டு வா” என்றாள். நிறுத்திவிட்டு வந்தேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “தெரியும்டி.”

“எப்போலருந்து?”

“ப்ரூஃப் வந்தப்போ. பக்கத்துக்குப் பக்கம் தப்பு இருந்துச்சு. அவர் மத்தியானம் படுத்துத் தூங்கும்போது உக்காந்து திருத்துவேன். எனக்குத் தெரிஞ்சது ஸ்கூல் கணக்குதானே? கூட்டல், கழித்தல், பெருக்கல் வரைக்கும் பாத்தேன். அதுக்கு மேல உங்கப்பாவோட ஃபார்முலாக்குள்ள நான் எங்க போறது? யூனிட் விட்ட இடத்துல எதைப் போடறதுன்னுகூடத் தெரியல. நான் பாக்க முடியாதது எல்லாம் அப்படியே தங்கிடுச்சு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்.”

“ஒரு தடவை கேட்டேன். ‘எதுக்கு, நல்லாத்தானே இருக்கேன்’னார். அதுக்கப்புறம் எனக்குக் கேக்க வாய் வரல. சொல்லியிருந்தா அன்னிக்கே பேனாவை மூடி வெச்சிருப்பார் பிரிசி. பேனாவை மூடிட்டா அந்த மனுஷன் காலையில எந்திரிச்சு என்ன பண்ணுவார்?”

“அப்புறம் ஏன் வர்றவங்ககிட்ட எல்லாம் ஆமா ஆமான்னு சொன்ன?”

அம்மா உங்கள் பழைய துண்டை மடித்து மடித்து ரொம்பச் சின்னதாக ஆக்கிவிட்டாள். அதை இன்னும் அவள்தான் உபயோகிக்கிறாள். “எல்லாரும் எவ்ளோ சந்தோஷமா வர்றாங்க. அந்தப் புள்ளைங்ககிட்ட போய் உங்க சாருக்கு மறதி வந்துடுச்சுன்னா சொல்லச் சொல்ற?”

அப்பா, எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. உங்கள் மேலும் வந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று ஆளுக்கு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றிருக்கிறோம். சில நாள் நான் அம்மாவோடு சரியாகப் பேசவே இல்லை. அவள் என் டிபன் பாக்ஸில் வழக்கம்போல எனக்குப் பிடித்ததையே வைத்துக் கொடுத்தாள். அது இன்னும் கோபமாக இருந்தது.

பிறகு பதிப்பகத்துக்காரர் வந்தார். நல்ல மனிதர், உங்கள் மேல் மரியாதை உள்ளவர். அவருக்கும் புகார்கள் வந்துகொண்டிருந்தன. ஏழாம் பதிப்பைத் திருத்தி உடனே கொண்டுவர வேண்டும் என்றார். அதுவரை கடைகளில் இருக்கும் புத்தகங்களில் ஒரு சீட்டு ஒட்டிவிடலாமாம். “அச்சுப்பிழைன்னு போட்டுடலாம்மா. சார் பேரு கெட்டுடக் கூடாது பாருங்க.”

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. உங்கள் பெயருக்கு ஒன்றும் ஆகாது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தலையாட்டப் போனேன். அம்மா குறுக்கே கேட்டாள். “அச்சுப்பிழைன்னா அது யாரு பண்ண பிழைங்க?”

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். குரோம்பேட்டையில் சின்னக் கடை போட்டு, இரண்டாம் பதிப்பிலிருந்து உங்கள் புத்தகத்தை டைப் செய்து தரும் விஜயா அக்கா. உங்கள் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். கணக்குப் புத்தகத்தில் இத்தனை பிழை விட்டவர் என்று பெயர் வந்துவிட்டால் அவரிடம் அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்?

“அவர் எழுதிக் கொடுத்ததை அந்தப் பொண்ணு அப்படியே அடிச்சது. நான் திருத்தினதையும் அடிச்சது. அதுங்கிட்ட ஒரு தப்பும் இல்ல. அதோட தலையில இதைக் கட்டாதீங்க” என்றாள் அம்மா. “தப்பு எங்க வீட்ல நடந்தது. எங்க வீட்டுப் பேர்லயே இருக்கட்டும்.”

“சார் பேரும்மா...” என்று இழுத்தார் அவர்.

“சார் பேரு அவ்ளோ லேசானது இல்லைங்க.”

அப்பா, நீங்கள் அந்த நேரத்தில் இருந்திருக்க வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் என்று நீங்கள் வைத்த பெயர் சும்மா இல்லை. என் கோபம் எல்லாம் அங்கேயே போய்விட்டது. இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி நான் எழுதுவது அதற்காகத்தான். ஆறாம் பதிப்பில் இருப்பவை அச்சுப்பிழைகள் இல்லை. எங்கள் அப்பாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. அதோடுதான் அவர் அந்தப் புத்தகத்தை முடித்தார்.

இதைக் கயலிடமும் பாஸ்கரிடமும் அம்மாவே கூப்பிட்டுச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சொல்லிவைத்த மாதிரி வந்து நின்றார்கள். பாஸ்கர் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னாம்மா நீங்க, முன்னாடியே சொல்லக் கூடாது? மொத்தக் கணக்கையும் போட்டுப் பாத்துட்லாம் வாங்க” என்றார். அந்த விரிவுரையாளர் அங்கிருந்தே ஒவ்வொரு அத்தியாயமாகப் போட்டு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நம் டைனிங் டேபிள் முழுக்கப் பேப்பராகிவிடும். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. அம்மா பெருக்கல்களைச் சரிபார்ப்பாள். நான் யூனிட் பார்ப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

மழை என்றதும் ஒரு சேதி. நம் தெருமுனையில், ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போக இருந்த அந்தச் சின்னக் கல்வெர்ட்டை உடைத்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். பத்தாது பத்தாது என்று நீங்கள் மனு எழுதிக்கொண்டே இருந்தீர்களே, அதே கல்வெர்ட். இந்த மழைக்கு நம் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் வானம் கறுத்தால் எதிர்வீட்டு அண்ணா இன்னும் பழக்கத்தில் நம் கேட் வரை வந்துவிடுகிறார், வண்டியை மேட்டில் விடட்டுமா என்று உங்களிடம் கேட்க. வந்த பிறகுதான் அவருக்கு உறைக்கிறது. “சார் இருந்தா சொல்லியிருப்பாரும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார்.

கணக்குகள் போட்டுக்கொண்டு வரும்போதே எங்கள் எல்லார் மனதிலும் ஒரு தேடல் இருந்தது. மறதியில் விழுந்த தப்புகள் சரி, நீங்கள் வேண்டுமென்றே போட்ட அந்த ஒரு தப்பு எங்கே? அது தனியாகத் தெரியும் என்று எங்களுக்கு உறுதி. பார்த்ததும் சிரிப்பு வரும். தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும், பக்கெட் நிரம்புவதற்கு முன்பே வழியும், அந்த மாதிரி ஏதாவது. ஒரு அத்தியாயம் முடியும்போதெல்லாம், “இதுல இல்ல, அடுத்ததுல இருக்கும்” என்று கயல் சொல்வாள்.

கடைசி அத்தியாயத்தின் கடைசிக் கணக்கும் முடிந்தது. கயல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “ஆன்ட்டி, அது எங்கயுமே இல்லையே” என்றாள். அம்மா பேப்பர்களை அடுக்கி வைத்தாள். டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. அடுப்புப் பற்றவைக்கும் சத்தமும் கேட்கவில்லை.

அப்பா, உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் போட மறந்துவிட்டீர்களா? அல்லது, நம்மை அறியாமலே தப்பு வருகிறது, இனி வேண்டுமென்று ஒன்று எதற்கு என்று தெரிந்தேதான் விட்டுவிட்டீர்களா? முதலாவது என்றால் உங்களுக்குத் தெரியாமலே எல்லாம் நடந்தது என்று நான் கொஞ்சம் ஆறுதல்படலாம். இரண்டாவது என்றால், அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்து அதை முடிவு செய்தபோது நான் எங்கே இருந்தேன்? பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேனா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, அப்பா?

ஏழாம் பதிப்பு இப்போது முடியப்போகிறது. விடைகளை எல்லாம் திருத்தியாகிவிட்டது. முன்னுரையில் கயல், பாஸ்கர், அந்த விரிவுரையாளர் மூவரின் பெயரும் இருக்கிறது. அந்த போன் நம்பரை எடுத்துவிடலாமா என்று பதிப்பகத்துக்காரர் கேட்டார். அம்மா, “எதுக்கு எடுக்கணும்? போன் வேலை செய்யுதே” என்றாள். ‘ஒரு விடை தப்பு’ என்ற வரியை மட்டுமாவது எடுக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். அவள் முன்னுரைத் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பின்பக்கத்து விடைகள் இருக்கும் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, முதல் தடவையாக உங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் அறையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அப்புறம் அதே நாற்காலியில், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அழுதாள். நான் கிட்டே போகவில்லை. அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த நேரம்.

நேற்று விஜயா அக்கா கடையிலிருந்து கூப்பிட்டார். குரலில் கவலை. “பிரிசிம்மா, அம்மா ஒரு விடையை மாத்தச் சொல்லி எழுதியிருக்காங்க. எனக்குக் கணக்கு தெரியாது. ஆனா பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு. தண்ணி அப்படிப் போகுமா என்ன? அப்படியே அடிச்சுடட்டுமா?”

எது என்று நான் கேட்கவில்லை. “அம்மா சொன்ன மாதிரியே அடிச்சுடுங்கக்கா. யூனிட் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க” என்றேன்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த போனின் சார்ஜ் தீர விடமாட்டேன். யார் கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை இலை போடுவோம். இன்னொன்றும் உண்டு. இத்தனை வருடம் உங்கள் புத்தகத்தின் அட்டையைத் தவிர எதையும் படிக்காத நான், ஏழாம் பதிப்பு கைக்கு வந்ததும் முதல் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன். பக்கெட் வேண்டுமென்றால் பக்கெட், ஸ்டாப் வாட்ச் வேண்டுமென்றால் ஸ்டாப் வாட்ச். எத்தனை வருடம் ஆனாலும் அந்தத் தப்பைக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்ததும் முன்னுரையில் இருக்கும் நம்பருக்குத்தான் கூப்பிடுவேன். ஹாலில் உங்கள் போன் அடிக்கும். அம்மா எடுப்பாள்.

உங்கள் ஒரே மகள்,
பிரிசில்லா
மேற்குத் தாம்பரம் (ஸ்டேஷனில் இறங்கி நம் பக்கம்)